ஆறாவது அட்டை

இராணுவச் சோதனைச் சென்றியில் மகள் பூரணி கடித்த நாளில் பஸ்சில் வந்த ஒருவரும் புஷ்பவதியோடு நிற்கவில்லை. எல்லோரும் இறங்கினார்கள், வரிசையாகப் பையைத் திறந்து காட்டினார்கள், கையைத் தூக்கித் தடவிப் பார்க்கக் கொடுத்தார்கள், தடைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பவும் பஸ்சில் ஏறிக்கொண்டார்கள். பிறகு ஜன்னலால் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக்கொட்டினாள். இன்னொருத்தி, காதில் விழட்டும் என்றே, "உப்பிடியானதுகளை வீட்டில வச்சிருக்கிறதுதானே" என்றாள். பஸ் போய்விட்டது.

தார் ரோட்டில் புஷ்பவதி மகளைத் தன் உடம்பால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளை கத்திக் கத்தி வாந்தி எடுத்திருந்தது. காலையில் தீத்திய பாணும் வாழைப்பழமும் புளித்த மணத்தோடு தாயின் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. கடிபட்ட சென்றிக்காரி மணிக்கட்டைத் தண்ணீர்ப் போத்தலால் கழுவிக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில், "பிள்ளை பைத்தியமா?" என்று கேட்டாள். ஏசுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அன்றைக்கு அந்த ரோட்டில் புஷ்பவதிக்கு அருவருப்பு வராத ஒரே முகம் அவளுடையதுதான்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் போகிற எவரும் அந்தச் சென்றியில் இறங்கி நடந்துதான் ஆகவேண்டும். பூரணிக்கு எட்டு வயது. பேச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். யாராவது இலேசாகத் தொட்டால் நெருப்புப் பட்டது போலத் துள்ளுவாள். பெரியாஸ்பத்திரி டொக்டர் துண்டில் 'ஓட்டிசம்' என்று எழுதி, நகரத்தில் அப்படியான பிள்ளைகளுக்கு ஒரு நிலையம் இருக்கிறது, கிழமையில் இரண்டு நாள் கொண்டு போங்கள் என்றார். கொண்டு போவதற்குச் சென்றியைத் தாண்ட வேண்டும். டொக்டர் அதைத் துண்டில் எழுதவில்லை.

நிலையத்தில் வேலை செய்தவள் நபீஸா. கிண்ணியாவிலிருந்து தோணித்துறை தாண்டி வருகிறவள், முப்பது வயதிருக்கும். கடித்த கதையைக் கேட்டுவிட்டு அவள் உச்சுக்கொட்டவில்லை. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, "இறங்கினதில இருந்து ஒவ்வொண்டாச் சொல்லுங்க அக்கா. எந்த இடத்தில கத்தத் தொடங்கினா?" என்றாள்.

"எல்லா இடத்திலயும்தான்."

"இல்லக்கா. ஒரு இடம் இருக்கும்."

இருந்தது. பை கையை விட்டுப் போன இடம். அதற்குப் பிறகு தடவிய இடம்.

நபீஸா ஐந்து அட்டை கீறினாள். கலியாண அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் கறுப்புப் பேனையால் கீறி, கண்ணாடி ரேப் ஒட்டி, மூலையில் துளை போட்டு ஒரு கயிற்றில் கோத்தாள். பஸ்சிலிருந்து இறங்குவது. வெள்ளைக் கோட்டில் நிற்பது. பையை மேசையில் வைப்பது. கையை உயர்த்துவது. பையை எடுத்துக்கொண்டு நடப்பது. படத்தில் துவக்கு இல்லை, சீருடை இல்லை, தொப்பி வைத்த ஒரு பொம்பிளை மட்டும்தான். "துவக்குக் கீறினா அட்டையையும் புடிப்பான், நம்மளையும் புடிப்பான்" என்று சிரித்தாள்.

பிறகு முறையைச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டு முற்றத்தில் ஒரு கோடு போடு. ஒரு மேசை வை. ஒரு அட்டை, ஒரு செயல். செய்த உடனே, ஒரு நொடியும் பிந்தாமல், பிள்ளைக்கு விருப்பமானதைக் கொடு. பூரணிக்கு உலகத்தில் விருப்பமானது சோடா மூடி. நிலத்தில் சுழற்றிவிட்டுக் கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தொடும்போது முதலில் இரண்டு உள்ளங்கையையும் காட்டு, பிறகு அழுத்திப் பிடி, மேலால் தடவாதே. தடவினால்தான் அவளுக்குத் தோல் எரிகிறது. ஒவ்வொரு முறையும் தாளில் கோடு போடு. ஒரு பக்கம் 'தனியாக', மற்றப் பக்கம் 'உதவியோடு'.

"உதவியோட செஞ்சா உதவியோட எண்டே போடுங்க. பொய் போட்டா நாமதான் ஏமாறுவம்."

"இதெல்லாம் நீ யோசிச்சுக் கண்டு பிடிச்சதோ?"

"நானா? நான் ஏஎல்லே பாஸ் பண்ணல்ல அக்கா. எத்தினையோ நாட்டில, எத்தினையோ புள்ளையளோட செஞ்சு பாத்து, சரிவந்ததையும் எண்ணி, சரிவராததையும் எண்ணி எழுதி வச்சிருக்காங்க. அதுல உள்ளதைத்தான் சொல்றன். சரிவராததையும் எண்ணணும். அதான் விஷயம்."

ஆறாவதாகவும் ஒரு அட்டை இருந்தது. அதில் ஒரு கை ஒரு கோப்பையைத் தள்ளிவிடுகிறது. "இது 'வேண்டாம்'. உண்மையில இதைத்தான் முதல்ல பழக்கணும்."

"வேண்டாம் எண்டு சொல்ல அவளுக்குத் தெரியாதோ? அதுதானே கடிக்கிறாள்."

"அதுக்குத்தான். கடிக்கிறதுக்குப் பதிலா இத நீட்டுவா. ஆனா அவ நீட்டினா நீங்க விட்டிடணும். ஒவ்வொரு தடவையும்."

ஒவ்வொரு தடவையும். குளிப்பாட்டும்போது, சீப்பால் தலை இழுக்கும்போது, மருந்து கொடுக்கும்போது. புஷ்பவதி அதைக் கேட்டதும் களைத்துப் போனாள். "சென்றியில வேண்டாம் எண்டு காட்டினா அவன் விடுவானோ? முதல் சென்றி முடியட்டும்" என்று சொல்லி, அந்த அட்டையைக் கயிற்றிலிருந்து கழற்றிச் கையோடு கொண்டு வந்த, சோடா மூடிகள் கிடந்த பால்மா தகரப் பேணிக்குள் போட்டாள். நபீஸா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னேரத் தோணிக்கு நேரமாகிவிட்டது.

முதல் கிழமை பத்துக்குப் பூச்சியம். புஷ்பவதி கணவனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் மேசைக்குப் பின்னால் நின்று, தன் பிள்ளையைத் தானே சோதனை போட்டாள். வேலிக்கு மேலால் பார்த்த சனம் வீட்டில் இரண்டு விசர் இருக்கிறது என்று கதைத்தது. நாலாம் கிழமை பத்துக்கு மூன்று. எட்டாம் கிழமை ஏழு. நபீஸா சென்றிக்கே போய், கடிபட்ட பெண்ணோடு சிங்களத்தில் கதைத்து, உள்ளங்கையைக் காட்டுவதையும் அழுத்திப் பிடிப்பதையும் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் அப்படியே செய்தாள். முடிவில் சிங்களத்தில் "ஹரி", அதாவது 'சரி', என்பாள். அந்தச் சொல் வந்ததும் பூரணி கையை இறக்கி, பையை எடுத்து, தாயிடம் கையை நீட்டுவாள். மூடி வந்து விழவேண்டும்.

நபீஸாவுக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. "ஒரே இடத்தில, ஒரே ஆளோட செஞ்சா படிச்சதா எண்ண ஏலாதுக்கா. வேற இடத்திலயும் செய்யணும்."

"வேற சென்றிக்கு எங்க போறது? சுற்றுலாவோ?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிறகு புஷ்பவதி தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டாள்.

கணவன் தம்பிராசா கெட்டவன் என்று சொல்லிவிட்டால் கதை லேசாக முடிந்துவிடும். அவன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. இறங்குதுறையில் மூட்டை இறக்கிவிட்டு வந்து, குளித்து, மகளைப் பார்க்காமல் சாப்பிடுவான். அவனுக்கு வெட்கம். வெட்கப்படுகிற மனிதனோடு குடும்பம் நடத்துவது, நாறிய மீனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவது மாதிரி.

ஒருநாள் அவன் சொன்னான்: "காசிநாதர் திருகோணமலை ரவுணுக்கு வந்திருக்கிறாராம். வெருகல் பக்கத்துச் சனத்தோட இடம்பெயர்ந்து, மருமகன் வீட்டில இருக்கிறாராம்."

புஷ்பவதி கையிலிருந்த சோற்றைத் திரும்பக் கோப்பைக்குள் போட்டாள்.

காசிநாதர் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிகாரியார். பாதை திறந்திருந்த சமாதான காலத்தில், பூரணிக்கு நாலு வயதாக இருந்தபோது, அவர்கள் வெருகல் பக்கம் போய் அவரிடம் காட்டினார்கள். அவர் கம்பியைத் தணலில் சிவக்கக் காய்ச்சி, பிள்ளையின் தொப்புளுக்கு மேல் ஒரு சூடு வைத்தார். தம்பிராசா கையைப் பிடித்தான். காலைப் பிடித்தது புஷ்பவதி. அந்த மணம் இறைச்சி வாட்டும் மணம்தான், வேறொன்றுமில்லை. அதுதான் அவளால் மறக்க முடியாதது. அன்றைக்கு அவளுக்குப் பசித்திருந்தது, அந்த மணத்துக்கு அவள் வாயில் எச்சில் ஊறியது. மூன்று சூடு வைத்தால்தான் பூரண சுகம், இன்னும் இரண்டு பௌர்ணமிப் பறுவத்துக்குக் கொண்டு வாருங்கள் என்றார் பரிகாரியார். அவள் கொண்டு போகவில்லை.

"மூண்டு எண்டுதானே சொன்னவர். ஒண்டோட விட்டா எப்பிடிச் சுகம் வரும்?" என்றான் தம்பிராசா.

"அவள் இப்ப தானா நடந்து சென்றி தாண்டுறாள். தாளைப் பாருங்கோ. போன ரெண்டு கிழமையில பத்துக்கு எட்டு."

"தாளில கோடு நானும் கீறுவன்."

"அப்ப வெள்ளிக்கிழமை வாங்கோ. உங்கட கண்ணால பாருங்கோ. ஒழுங்காத் தாண்டினா காசிநாதர் கதையை எடுக்கக் கூடாது."

"தாண்டாட்டி?"

அவள் பதில் சொல்லவில்லை. அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பஸ் வழமையான இடத்தில் நின்றது. முதல் நாள் எங்கேயோ குண்டு வெடித்ததாம். இரவோடு இரவாகச் சென்றியை நகரப் பக்கமாக நூறு யார் தூரம் தள்ளிக் கொண்டு போயிருந்தார்கள். பழைய இடத்தில் மண்மூட்டை கிடந்த அடையாளமும், தேய்ந்த வெள்ளைக் கோடும் மட்டும்தான். இறங்கிய சனம் முணுமுணுத்துக்கொண்டு நீளத்துக்கு நடக்கத் தொடங்கியது. தம்பிராசா மகளுக்கு ஒரு எட்டு முன்னால் போனான். புஷ்பவதி ஐந்தாறு எட்டுப் பின்னால், பஸ் படியில் மாட்டிய சீலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். தலை நிமிர்ந்தபோது பூரணி பழைய வெள்ளைக் கோட்டில் நின்றுவிட்டிருந்தாள்.

பையைத் தோளிலிருந்து கழற்றினாள். மேசை இருக்கவேண்டிய உயரத்தில், மேசை இருக்கவேண்டிய இடத்தில், கவனமாக வைத்தாள். பை காற்றில் நிற்கவில்லை. நடு ரோட்டில் தொம்மென்று விழுந்தது. பூரணி அதைக் குனிந்து பார்க்கவில்லை. ஒரு எட்டுப் பின்னால் வைத்து, இரண்டு கையையும் உயர்த்தி, யாருமில்லாத வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் காலத்தில் ரோட்டில் விழுந்த பையைப் பார்த்து எவரும் 'யாருடைய பை' என்று கேட்பதில்லை. ஓடுவார்கள். புதுச் சென்றியிலிருந்து விசில் பறந்தது, சிங்களத்தில் கத்தினார்கள், மண்மூட்டைக்குப் பின்னால் மூன்று துவக்குகள் திரும்பின. சனம் மாடு கலைந்தது போலக் கலைந்தது. தம்பிராசா திரும்பினான். மகளைப் பார்த்தான். பையைப் பார்த்தான். பிறகு மகளுக்குப் பக்கத்தால், அவளுடைய உயர்த்திய கை அவன் சேட்டில் உரச, ஓடிப் பஸ்சுக்குப் பின்னால் போனான். அவனுடைய செருப்பு ஒன்று வெள்ளைக் கோட்டில் கிடந்தது.

புஷ்பவதியும் கையை உயர்த்திக்கொண்டாள். "பிள்ளை! சுகமில்லை, வருத்தக்காரப் பிள்ளை!" என்று கத்திக்கொண்டு நடந்தாள். பின்னால் போ என்று கையைக் காட்டினார்கள். நடந்தாள். பிள்ளையை இழுத்தால் அது நிலத்தில் விழும், அலறும், பைமேல் புரளும், அவர்கள் சுடுவார்கள். அவளுக்கு அது கணக்குப் போலத் தெரிந்தது. நாலாவது அட்டையில் பிள்ளை நிற்கிறாள். நாலாவது முடியாமல் ஐந்தாவது வராது. முடிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

மகளுக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு உள்ளங்கையையும் காட்டினாள். தோளை அழுத்தினாள், கக்கத்தை, இடுப்பை, முழங்காலை. மூன்று துவக்குகள் பார்த்துக்கொண்டிருக்க, தன் பிள்ளையை ஒழுங்காக, முழுதாகச் சோதனை போட்டாள். பிறகு, "ஹரி" என்றாள்.

பூரணி கையை இறக்கினாள். பையை எடுத்தாள். மூடிக்குக் கையை நீட்டினாள். புஷ்பவதி கொடுத்த மூடி கை தவறி ரோட்டில் விழுந்து உருண்டது. பிள்ளைக்கு அது இன்னும் நல்லதாகப் போயிற்று. குந்தியிருந்து, அது சுழன்று விழும்வரை பார்த்தாள்.

புதுச் சென்றியில் கயிற்றைத் திரும்பவும் முதல் அட்டைக்குத் திருப்பவேண்டி வந்தது. பையை வைக்க மணிக்கட்டைப் பிடித்துக் கொடுத்தாள். பஸ்சில் ஏறியதும் தாளில் 'உதவியோடு' பக்கம் கோடு போட்டாள். தம்பிராசாவைச் சென்றியில் மறித்து, இன்னொருமுறை இப்படி நடந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் ஒற்றைச் செருப்போடு ஏறி, வேறு கதிரையில் போய் இருந்தான்.

நிலையத்தில் நபீஸா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "என்ட பிழை அக்கா. வேற இடத்தில பழக்கணும் எண்டு சொல்லிட்டு, விட்டுட்டன்." தன் பிழையைத் தன் பிழை என்று ஒருவர் சொல்லி எத்தனை காலம் என்று புஷ்பவதி யோசித்தாள். சூட்டுக் கதையை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. பழைய தழும்பைப் பற்றி நபீஸா ஒருமுறை கேட்டபோது, சுடுதண்ணி பட்டது என்று சொல்லியிருந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் தம்பிராசா சொன்னான்: "ஞாயிற்றுக்கிழமை போறம்."

"நீங்க எங்க நிண்டனீங்க?"

"என்ன?"

"பை விழேக்க. எங்க நிண்டனீங்க?"

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினான். "நீ வராட்டி நான் தனியக் கொண்டு போவன். இண்டைக்கு எல்லாரும் செத்திருப்பம், தெரியுமோ?"

தனியக் கொண்டு போவான். சென்றியில் தோளில் பிடித்து இழுப்பான். பிள்ளை கடிக்கும், ஓடும். பிறகு ஒரு வெடிச்சத்தம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவள் கூடப் போனாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அங்கே போய் என்ன செய்வது என்று அவள் முடிவு எடுக்கவில்லை. மறுத்துவிடுவேன் என்று ஒரு மனம். மூன்று சூடு என்றுதானே சொன்னார் என்று இன்னொரு மனம், அவளுடையதேதான், மூலையில் குந்தியிருந்து முனகியது.

புதுச் சென்றியைப் பூரணி அழகாகத் தாண்டினாள். சனிக்கிழமை முழுவதும் புஷ்பவதி முற்றத்தில் மேசையை வேலிக்கரை, கிணற்றடி, குசினி வாசல், மாமரத்தடி என்று நாலு இடத்துக்கு மாற்றி மாற்றிப் பழக்கியிருந்தாள். கோடு, பை, கை, ஹரி. ஒரு பிழையில்லை. தணலுக்குக் கொண்டு போகிற பிள்ளை தன்பாட்டில், வரிசையில், ஒழுங்காக நடந்து போனது.

துறைமுகப் பக்கத்து ஒழுங்கையில் தகரக் கொட்டில். வாசலில் இன்னும் இரண்டு குடும்பம் பிள்ளைகளோடு குந்தியிருந்தது. உள்ளே சிரட்டைக்கரித் தணல், பழைய நல்லெண்ணெய் மணம், அதற்கு அடியில் அவளுக்குத் தெரிந்த அந்த மற்ற மணம். காசிநாதர் நன்றாகக் கிழண்டிப் போயிருந்தார். வெற்றிலைச் சாறு வழிந்த வாயைத் துடைத்த அதே துவாயால் கம்பியைத் துடைத்தார். யார், எவர், முன்பு வந்தீர்களா என்று கேட்கவில்லை. பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார்.

"பேச்சில்லை. கூப்பிட்டாத் திரும்பாது. அப்பிடித்தானே? பயப்பிடாதேயுங்கோ. இதுவரைக்கும் நாப்பத்திரண்டு பிள்ளையளைச் சுகப்படுத்தியிருக்கிறன்."

"சுகமெண்டு எப்பிடித் தெரியும் ஐயா?" என்று கேட்டாள் புஷ்பவதி.

தம்பிராசா முழங்கையால் இடித்தான். பரிகாரியார் கோபிக்கவில்லை. நல்ல கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"திரும்பி வரயில்லையே, பிள்ளை. சுகமில்லாட்டித் திரும்பி வந்திருப்பினம்தானே?"

கம்பியைத் தணலுக்குள் செருகினார். "நீங்கள் எவ்விடம், சாம்பல்தீவோ? உங்கட ஊர்ப் பிள்ளை ஒண்டு. சமாதானக் காலத்தில வெருகலுக்குக் கொண்டு வந்தவை. நாலு வயசு, பொம்பிளைப் பிள்ளை. இதே மாதிரித்தான். மூண்டு சூடு எண்டு சொன்னனான். ஒரு சூட்டோடயே சுகம்! பிறகு அவை வரயே இல்லை. இப்ப பள்ளிக்கூடம் போகுதாம்."

தம்பிராசா நிலத்தைப் பார்த்தான்.

புஷ்பவதிக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்திரண்டில் ஒன்று அவளுடைய பிள்ளை. அவள் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்த நாலு வருடமும் இந்த மனிதனுடைய கணக்கில் சுகமாக ஏறியிருக்கிறது. மற்ற நாற்பத்தியொரு வீட்டிலும் யார் யார் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ. வாசலில் குந்தியிருக்கிற இரண்டு குடும்பமும் அந்த மௌனத்தை நம்பித்தான் வந்திருக்கிறது.

அப்போதுதான் அது நடந்தது. பரிகாரியார் எழும்பி, மணையைத் தள்ளி, பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றார். பூரணி அவரைப் பார்க்கவில்லை. முன்னால் ஒரு ஆள் நிற்கிறது, பக்கத்தில் ஒரு சின்ன மேசை இருக்கிறது. நேற்று நாலு இடத்தில் படித்த பிள்ளை. பையைக் கழற்றி, கம்பிகளும் எண்ணெய்ப் போத்தலும் கிடந்த அந்த மேசையில் மெதுவாக வைத்தாள். ஒரு எட்டுப் பின்னால் நின்றாள். இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"பாத்தீங்களே! என்ன நல்ல பிள்ளை! ஒருத்தரும் பிடிக்கவே தேவையில்லை" என்றார் காசிநாதர்.

பிள்ளையின் சட்டையை இடது கையால் உயர்த்தினார். பூரணி ஆடவில்லை, கத்தவில்லை. 'ஹரி' வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

நாலு மாதம். பத்துக்குப் பூச்சியத்திலிருந்து இங்கே வரை. நான்தான் படிப்பித்தேன், என்று நினைத்தாள் புஷ்பவதி. எவன் முன்னால் வந்து நின்றாலும் கையைத் தூக்கு என்று படிப்பித்தேன். ஒன்றைப் படிப்பிக்கவில்லை. அது சோடா மூடிகளோடு பேணிக்குள் கிடக்கிறது. போன முறை காலைப் பிடித்தேன். இந்த முறை அதுவும் தேவைப்படவில்லை.

அவள் எழும்பியது அவளுக்குத் தெரியாது. சட்டையைப் பிடித்திருந்த கிழவனின் கையைத் தட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் தூக்கித் தணலில் கவிழ்த்தாள். சாம்பல் எழும்பிக் கொட்டில் முழுக்க அடைத்தது, கம்பி சீறியது. வாசலில் இருந்தவர்கள் எழும்பினார்கள்.

"அந்தச் சாம்பல்தீவுப் பிள்ளை இதுதான்" என்றாள். இருமலுக்குள்ளால், வாசல் பக்கம் பார்த்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "நாங்கள் திரும்பி வராதது சுகமெண்டு இல்லை. அந்த மணம் தாங்க ஏலாமல்."

காசிநாதர் குனிந்து, பிள்ளையின் வயிற்றில் தான் வைத்த தழும்பைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார். ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ வரப்போகிறது போல இருந்தது. வரவில்லை.

"அப்ப, ஒரு சூடு காணாதுதான்" என்றார்.

அவள் காறி, அவிந்த தணலில் துப்பினாள். பிள்ளையின் கை இன்னும் மேலே நின்றது. அழுத்திப் பிடித்து, தோள், இடுப்பு, முழங்கால், "ஹரி" என்றாள். மூடியைக் கொடுத்தாள். வாசலில் குந்தியிருந்த குடும்பங்களில் ஒன்று எழும்பிப் போயிற்று. மற்றது, தணல் திரும்ப மூட்டும்வரை இருக்கலாம் என்று இருந்துவிட்டது.

தம்பிராசா பின்னால் வந்தான். பத்து எட்டுத் தள்ளித்தான் வந்தான். சென்றியில் அவனும் கையை உயர்த்தி நின்றான். அவனிடம் மன்னிப்பையோ பெரிய கதையையோ அவள் எதிர்பார்க்கவில்லை. காசிநாதர் பேச்சை அவன் பிறகு எடுக்கவில்லை. அவ்வளவுதான். மனம் திருந்தினானா, நாலு பேர் முன்னால் அவமானப்பட்டதால் விட்டானா என்று தாளில் எழுதமுடியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நிலையத்தில் நபீஸாவிடம், "அது சுடுதண்ணி இல்லை" என்றாள். முழுக்கச் சொன்னாள், காலைப் பிடித்ததையும், எச்சில் ஊறியதையும். நபீஸா கொப்பியை மூடி வைத்துவிட்டு, "அந்த அட்டை எங்க வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பேணியிலிருந்து ஆறாவது அட்டையை எடுத்துத் திரும்பக் கயிற்றில் கோத்தார்கள். பூரணிக்கு ஆகாத பாகற்காய்க் கறியை முகத்துக்குக் கிட்டக் கொண்டு போவது. அவள் தள்ளுவதற்கு முன் அட்டையைக் கையில் வைத்து நீட்ட வைப்பது. நீட்டிய உடனே கறி போய்விட வேண்டும். ஒரு நொடியும் பிந்தக் கூடாது. முதல் நாள் பத்துக்குப் பூச்சியம். எட்டாம் நாள் ஒன்று. பதினோராம் நாள் பூரணி சோற்றுக்கும் நீட்டினாள், குளிப்புக்கும் நீட்டினாள், சீப்புக்கு நாலு தரம் நீட்டினாள். புஷ்பவதிக்கு அடிக்கவேண்டும் போல ஆத்திரம் வந்தது. விட்டாள். பிள்ளையின் தலை பரட்டையாய், நாற்றமாய்த் திரிந்தது. வேலிக்கு மேலால் பார்த்த சனம் இப்போது தாய்க்கு முற்றிவிட்டது என்றது.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம், அட்டை நீட்டாமல் குளிக்க விட்ட நாளில், துவாயால் பிள்ளையின் வயிற்றைத் துடைத்தாள். துவாய் தழும்பில் நின்றது. தோல் அந்த இடத்தில் மட்டும் மினுமினுவென்று, யாரோ விரலால் அமத்தி வைத்த மெழுகு போல இருந்தது. அவள் துவாயை விட்டுவிட்டுக் கையை அதன்மேல் வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்றை, வாயில்லாத பிள்ளையிடம், கேட்காமலே எடுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

பூரணி ஆணியில் தொங்கிய கயிற்றை எட்டி இழுத்தாள். ஆறாவது அட்டையைத் தேடி எடுத்து, தாயின் கைக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் செருகினாள்.

புஷ்பவதி கையை எடுத்தாள்.

பிள்ளை ஈர உடம்போடு போய்க் குந்தியிருந்து மூடியைச் சுழற்றியது. வாசலில் நின்ற தம்பிராசா, "என்னவாம்?" என்று கேட்டான்.

"வேண்டாமாம்."

பென்சிலைத் தேடி எடுத்து, 'தனியாக' என்ற பக்கத்தில் ஒரு கோடு போட்டாள்.